முள்ளந்தண்டும் முடிவெடுக்கும் உரிமையும்

எமது நாவல்களிலும் சிறுகதைகளிலும் திரைப்படங்களிலும் புற்றுநோய் கண்டு மாண்டவர் தொகை பெரிது. அவர்களுள், தமக்கு இன்ன சிகிச்சை வேண்டும், இன்னது வேண்டாம் என்று வைத்தியரோடு எதிரிருந்து பேசி முடிவு செய்தவரை எண்ணப் புகுந்தால் ஒரு கையின் விரல்களே மிகுதி. நோய் வருகிறது, அழுகை வருகிறது, தியாகம் வருகிறது, ஈற்றில் சாவு வருகிறது. இவற்றுக்கு இடையிலே மனிதர் உண்மையில் வாழ்ந்து தீர்க்கும் வாரங்களும் மாதங்களும் மட்டும் வருவதில்லை. விடுபட்ட அந்தப் பகுதியைக் குறித்தே இக்கட்டுரை பேச முற்படுகிறது.

1962ஆம் ஆண்டு ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சில் ஓர் ஆலயம்' என்ற படத்தை எடுத்துக்கொள்வோம். கதை பெரும்பாலும் ஒரு வைத்தியசாலைக்குள்ளேயே நடக்கிறது. வேணு நோயாளி, சீதா அவர் மனைவி, சிகிச்சை செய்யும் முரளி சீதாவின் பழைய காதலர். புற்றுநோய்க்கான சத்திரசிகிச்சை கதையின் அச்சாணி. ஆயின் படம் எழுப்பும் வினா யாது? வைத்தியர் தம் பழைய காதலை வென்று கடமையாற்றுவாரா என்பதே. நோயாளி தாம் இறந்தபின் மனைவி யாரை மணக்கவேண்டும் என்பதைப் பற்றியெல்லாம் முடிவுக்கு வருகிறார். தம் உடலைப் பற்றி ஒரு கேள்விதானும் கேட்டாரில்லை. கடைசியில் நோயாளி பிழைக்க, வைத்தியர் மாள்கிறார். இருபது ஆண்டுகள் கழித்து வந்த 'வாழ்வே மாயம்' இன்னும் ஒருபடி மேலே சென்றது. அதன் நாயகன் தன் நோயை மறைப்பதோடு நில்லாது, காதலி தன்னை வெறுக்கும்படி நடிக்கவும் செய்கிறான். மறைத்தலே அங்கு பேரன்பு எனப் போற்றப்படுகிறது.

இப்படங்களின் நடிப்பையோ இசையையோ குறைகூறுவது எம் நோக்கமன்று. அவை மக்களுக்கு எதைப் பழக்கின என்பதே வினா. திரையிலே வரும் புற்றுநோய்க்கு ஓர் ஒழுங்கு உண்டு. அது முகத்தின் அழகைக் கெடுப்பதில்லை. சற்று இருமல், கைக்குட்டையில் ஒரு துளி இரத்தம், ஒரு பாட்டு, அவ்வளவே. மாறாக, என்பிலே பரவிய புற்றுநோயைத் திரையில் காட்டுவது கடினம். முள்ளந்தண்டின் ஓர் என்பு நொறுங்கிய மனிதன் கட்டிலிலிருந்து எழும்ப முடியாமல் கிடப்பான். சிறுநீர் தானாகப் போகாது. முதுகின் அடியிலே படுக்கைப் புண் வரும். இவற்றைத் தியாகமாக்க முடியாது, பாட்டாக்கவும் முடியாது. ஆதலாலே கலை அவ்விடத்தை ஒதுக்கிச் சென்றது. கலை ஒதுக்கியதைக் குடும்பங்களும் பேசாது ஒதுக்கக் கற்றுக்கொண்டன.

நல்லூரில், பருத்தித்துறை வீதியை அண்டி வாழும் இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர் ஒருவரை மனத்திற்கொள்வோம். அவருக்குப் பெயர் வேண்டியதில்லை. அவரைப் போன்றோர் யாழ்ப்பாணத்தில் ஊருக்கு நாலு பேர் உண்டு. முன்னிற்கும் சுரப்பியில் சில ஆண்டுகளுக்கு முன் புற்றுநோய் கண்டு சிகிச்சை பெற்றவர். இப்போது நடுமுதுகிலே நோ. வயதின் குற்றம் என்று முதலில் எண்ணுகிறார். எண்ணெய் பூசுகிறார்கள், முறிவு நெரிவு வைத்தியரிடம் பத்துப் போடுகிறார்கள். சில வாரங்கள் இப்படியே கழிகின்றன. ஒருநாள் காலையில் கிணற்றடிக்குப் போகையில் கால் தடுமாறுகிறது. ஸ்கான் எடுத்துப் பார்த்தால் நெஞ்சுப் பகுதி முள்ளந்தண்டில் ஓர் என்பு சரிந்து, முண்ணாணை அழுத்திக்கொண்டிருக்கிறது.

மார்பு, முன்னிற்கும் சுரப்பி, நுரையீரல், சிறுநீரகம், தைரொயிட்டு ஆகியவற்றிலே தோன்றும் புற்றுநோய்கள் என்பை நாடுவன. இரத்தத்தோடு வந்த கலங்கள் முள்ளந்தண்டென்பின் மச்சையிலே குடிகொண்டு என்பைத் தின்னத் தொடங்குகின்றன. பெரும்பாலானோர்க்கு, கால் பலவீனமடைவதற்குப் பல வாரங்கள் முன்னரே நோ வந்துவிடும். அந்த வாரங்களே பெறுமதியானவை. நடந்துகொண்டு சிகிச்சைக்கு வருபவர் பெரும்பாலும் நடந்துகொண்டே இருப்பார்; நடை முற்றாக அற்றபின் வருபவர்களில் மீள எழுந்து நடப்போர் சிலரே. நடை தளரத் தொடங்கிய பின்னரோ மணித்தியாலங்களைக் கணக்கிடவேண்டியதாகிவிடும்.

இவ்விடத்தில் மூன்று கருவிகள் முன்வைக்கப்படுகின்றன. முதலாவது கதிர்ச்சிகிச்சை. அது புற்றுக்கலங்களை அழிக்கும், நோவைத் தணிக்கும். ஆனால் தணிவு உடனே வருவதன்று. சில நாட்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். சரிந்த என்பைத் தூக்கி நிறுத்தும் ஆற்றல் கதிருக்கு இல்லை. இரண்டாவது, ஊசியைச் செலுத்தி நொறுங்கிய என்பினுள் ஒருவகைச் சீமெந்தை நிரப்புவது. காங்கேசன்துறைச் சீமெந்து அன்று. அக்கிரிலிக் வகையைச் சேர்ந்த பசை, உள்ளே போய் இறுகுவது. 1984இல் பிரான்சு நாட்டு வைத்தியர்கள் தொடக்கிவைத்த முறை இது. எழும்பினால் குத்தும் நோவை இது விரைவிலே அடக்கக்கூடும். 134 நோயாளர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இவ்வகைச் சிகிச்சை பெற்றோர் ஒரு மாதத்துக்குள்ளேயே மற்றையோரிலும் நன்றாக இயங்கினர் எனக் காட்டியது. ஆயினும் முண்ணாணை அழுத்தும் கட்டியைச் சீமெந்து அகற்றாது. கசிந்தால் அதுவே முண்ணாணை அழுத்தவும் கூடும். மூன்றாவது பெருஞ் சத்திரசிகிச்சை. முதுகைத் திறந்து, முண்ணாணைச் சூழ்ந்த கட்டியை வெட்டி அகற்றி, மேலும் கீழும் உள்ள என்புகளைத் திருகாணியாலும் கம்பியாலும் பிணைப்பது.

இம்மூன்றுக்கும் இடையே வரிசை முறையும் முக்கியம் என்பதைக் கவனித்தல் வேண்டும். "முதலில் கதிரைக் குடுத்துப் பாப்பம், சரிவராவிட்டால் வெட்டுவம்" என்று உறவினர் சொல்வதுண்டு. கேட்பதற்கு இது நிதானமான பேச்சு. ஆனால் கதிர்பட்ட தசை எளிதில் ஆறாது. கதிருக்குப்பின் செய்யும் சத்திரசிகிச்சையில் காயம் பிரிவதும் கிருமி தொற்றுவதும் அதிகம். ஆகவே, ஒத்திப்போடுவதாக எண்ணிச் சொல்லும் அந்த வார்த்தையே ஒரு முடிவாகிவிடுகிறது.

2005ஆம் ஆண்டு கென்டக்கிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றோய் பச்செல் என்பவரும் கூட்டாளிகளும் லான்செற் சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முண்ணாண் அழுத்தப்பட்ட 101 நோயாளர்களை இரு கூறாக்கி, ஒரு கூறினருக்குச் சத்திரசிகிச்சையும் பின்னர் கதிரும், மற்றக் கூறினருக்குக் கதிர் மட்டும் கொடுத்தனர். சிகிச்சையின் பின், முன்னையோரில் நூற்றுக்கு 84 பேர் நடந்தனர். பின்னையோரில் 57 பேர். நடக்கும் ஆற்றல் நீடித்த காலத்தின் இடைநிலை அளவு முன்னையோரிடத்து 122 நாட்கள். பின்னையோரிடத்து 13 நாட்கள். வேறுபாடு இவ்வளவு வெளிப்படையாக இருந்தமையால் ஆய்வே இடையில் நிறுத்தப்பட்டது.

122 நாள் என்பது யாது? நல்லூரிலே இருந்து கணக்கிட்டுப் பார்ப்போம். சித்திரைப் புதுவருடத்தன்று சத்திரசிகிச்சை பெற்றவர், அந்த அளவின்படி, ஆவணி மாதம் பிறக்கும் வரையில் தம் காலால் நடப்பார். சில வருடங்களில் கந்தசுவாமி கோயில் கொடியேற்றமும் அதற்குள் அடங்கும். 13 நாள் என்பது யாது? கொடியேற்றத்தன்று சிகிச்சை பெற்றவர் பத்தாந் திருவிழாவின் மஞ்சத்தைக் காண்பார். தேருக்கு இன்னும் பதினொரு நாள் கிடக்கும். முற்போக்காளர் திருவிழாவை வைத்துக் கணக்குப் பார்ப்பதா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். அந்த ஆசிரியர் எதற்காக நடக்க விரும்புகிறார் என்பதை நாமா தீர்மானிப்பது? அவருக்குத் தேர் வேண்டியிருக்கலாம். வாசிகசாலைக்குப் போய்ப் பத்திரிகை பார்ப்பது வேண்டியிருக்கலாம். மற்றவர் கைபடாமல் மலசலகூடத்துக்குப் போய்வருவது ஒன்றே போதும் என்றும் இருக்கலாம். இந்த விருப்பந்தான் கணக்கின் முதல் எண்.

ஆய்வின் மறுபக்கத்தையும் சொல்லாது விடுவது நேர்மையன்று. 101 பேரைச் சேர்ப்பதற்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன. அத்தனை கவனமாக ஆள் பொறுக்கப்பட்டது. கதிருக்கு எளிதில் கரையும் இரத்தப் புற்றுகளும் நிணநீர்ப் புற்றுகளும் சேர்க்கப்படவில்லை. அதே தரவுகளை மீள ஆராய்ந்தவர்கள், 65 வயதைக் கடந்தோரிடத்துச் சத்திரசிகிச்சையின் அனுகூலம் தென்படவில்லை என 2009இல் எழுதினர். எமது ஆசிரியருக்கு வயது எழுபது என்றால் என் செய்வது? அவர் இன்னும் மூன்று மாதமாவது வாழ்வார் என்று தோன்றினாலன்றிச் சத்திரசிகிச்சை வேண்டாம் என்பது பொதுவான வழக்கு. அந்த மூன்று மாதத்தை யார் அளப்பது? 2000ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வெளிவந்த ஆய்வொன்றில், மரணத்தை அண்மித்த 468 நோயாளர்களின் எஞ்சிய ஆயுளை வைத்தியர்கள் மதிப்பிட்டனர்; ஓரளவேனும் சரியாக மதிப்பிட்டது ஐந்தில் ஒரு பங்கே. தவறியவற்றுள் மிகப் பெரும்பான்மை, உள்ளதைவிடக் கூட்டிச் சொன்ன தவறு. நம்பிக்கை என்னும் நற்குணம் கத்தியைப் பிடித்திருக்கும்போது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இது சான்று.

கதிரின் அளவிலும் ஒரு தெரிவு உண்டு. பத்து நாள், ஐந்து நாள் என்று சிறுகச் சிறுகக் கொடுப்பதா, 8 கிறே அளவை ஒரே தடவையில் கொடுப்பதா? வெறும் என்பு நோவைப் பொறுத்தவரையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே பலனைத் தருவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் எழுதினர். ஒரே தடவை பெற்றோரில் நூற்றுக்கு 20 பேருக்குப் பின்னர் மீண்டும் கதிர் தேவைப்பட்டது, பல தடவை பெற்றோரில் 8 பேருக்கு. முண்ணாண் அழுத்தப்பட்ட 686 பேரைக் கொண்ட ஆய்வு 2019இல் வெளிவந்தது. எட்டாவது வாரத்தில் நடந்தோர், ஒரே தடவை பெற்றவர்களில் நூற்றுக்கு 69.3, ஐந்து தடவை பெற்றவர்களில் 72.7. இச்சிறு வேறுபாட்டைக்கொண்டு இரண்டும் சமம் என்று உறுதிகூற முடியாது என ஆய்வாளர் எழுதினர். நியாயமே. ஆயினும் நல்லூரிலிருந்து தெல்லிப்பழைக்குப் பத்துக் கல்லுக்குக் குறைவான தூரத்தை, முள்ளந்தண்டு நொறுங்கிய ஒருவர் ஓட்டோவிலே பத்து நாள் போய்வருவதற்கும் ஒருநாள் போய்வருவதற்கும் உள்ள வேறுபாடு எந்த அட்டவணையிலும் இல்லை. காசுக்குச் சிகிச்சை செய்யுமிடங்களில் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு பற்றுச்சீட்டு எழுதப்படும் என்பதையும் வாசகர் நினைவிற் கொள்வார்களாக.

என்பு உறுதியாய் நிற்கிறதா, சரியப்போகிறதா என்பதை அளக்க 2010ஆம் ஆண்டு ஒரு புள்ளித் திட்டம் வகுக்கப்பட்டது. ஆறு அம்சங்கள், மொத்தம் 18 புள்ளிகள். 6 வரை உறுதி, 13உம் அதற்கு மேலும் உறுதியின்மை, இடைப்பட்டது ஐயம். இந்த ஆறில் ஐந்தைப் படத்தைப் பார்த்தே இட்டுவிடலாம். எஞ்சிய ஒன்று நோயாளியின் வாயிலிருந்தே வரவேண்டும்: எழும்பினால், அசைந்தால் நோகிறதா, படுத்தால் தணிகிறதா? இந்த ஒரு விடைக்கு மூன்று புள்ளிகள் வரை உண்டு. அதாவது, சத்திரசிகிச்சை வேண்டுமா என்பதை நிர்ணயிக்கும் கணக்கிலே ஆறில் ஒரு பங்கு ஒரு மனிதனின் பேச்சிலே தங்கியிருக்கிறது. எமது பேச்சுத் தமிழோ இவ்விடயத்தில் வறியதன்று. நோகுது, உளையுது, குத்துது, எரியுது, விறைக்குது, இறுக்கிக் கட்டினமாதிரிக் கிடக்குது என்று யாழ்ப்பாணத்துக் கிழவி சொல்லும் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு வேறான நிலையைக் குறிப்பது. நெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டியதுபோல் என்று அவள் சொன்னால், அங்கு நரம்பு அழுத்தப்படுகிறது. அதனைக் கேட்டு, அதே துல்லியத்தோடு துண்டிலே ஆங்கிலத்தில் எழுதப்படுகிறதா? "பாக் பெயின்" என்ற இரண்டு சொல்லில் அத்தனையும் கரைந்துவிடுகிறதா?

இங்கேதான் மொழிப் பிரச்சினை எழுகிறது. எமது ஆசிரியர் முப்பது வருடம் தமிழிலே உயிரியல் கற்பித்தவர். முள்ளந்தண்டு, முண்ணாண், என்பு மச்சை, கலப்பிரிவு என்பன அவர் கரும்பலகையிலே ஆயிரம் முறை எழுதிய சொற்கள். அவரிடம் பயின்ற மாணவர்களே வைத்தியர்களாய் வந்திருக்கின்றனர். ஆயின் கிளினிக்கிலே அவருக்குச் சொல்லப்படுவது, "ஐயா, ஸ்பைன்ல ஒரு செக்கண்டரி, கோர்ட் கொம்பிரெஷன் இருக்கு" என்பதாகும். சொன்னவரும் தமிழர், கேட்டவரும் தமிழர், இருவருக்கும் தமிழ்ச்சொல் தெரியும். கலைச்சொல் இல்லாமையே தடை என்று இனிமேலும் எவரும் சாதிக்க முடியாது. தடை வேறெங்கோ இருக்கிறது. ஆங்கிலச் சொல், கேட்பவரை வாயடைக்கச் செய்கிறது. கேள்வி கேட்கும் உரிமையை மெல்லப் பறித்துவிடுகிறது. வைத்தியர்மேல் மாத்திரம் பழியைப் போடுவதும் பொருந்தாது. ஒரே காலையில் நூறு பேரைப் பார்க்கும் வைத்தியருக்கு, படம் வரைந்து விளக்க நேரம் ஏது? நேரத்தைக் கொடாத அமைப்பு, சொல்லையும் சுருக்கிவிடுகிறது.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இதே மண்ணில் ஒரு வேறு முயற்சி நடந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே வைத்தியக் கல்வியைத் தமிழிலேயே நடத்தத் துணிந்தார். 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. கிறீன் பிறந்ததும் நல்லூரிலே ஆறுமுகநாவலர் பிறந்ததும் ஒரே ஆண்டில், 1822இல். ஒருவர் கிறித்தவத்தைப் பரப்ப வந்தவர். மற்றவர் அதை எதிர்த்து நின்றவர். ஆயினும் கற்றவர் சிறு கூட்டத்துக்குள் அடைபட்டுக் கிடந்த அறிவைப் பொதுமக்களின் உரைநடைக்குள் கொணரவேண்டும் என்பதில் இருவர் செயலும் ஒரே திசையில் நடந்தன. கிறீனின் மதநோக்கத்தை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் தமிழில் உடலை அறுத்துக் காட்டிப் பாடம் சொன்ன அந்த வகுப்பறை மூடப்பட்ட பின்னர், அதற்கு ஈடாக எதனை நாம் திறந்தோம்? 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கியது, எமக்குப் பெருமைதான். கற்பித்தல் ஆங்கிலத்திலே என்பதும் விளங்கிக்கொள்ளக்கூடியதே. நோயாளியோடு பேசுவதைத் தமிழில் கற்பிக்க எத்தனை மணித்தியாலம் ஒதுக்கவேண்டும் என்பதைப் பற்றியாவது ஆசிரிய சமூகம் குரல் எழுப்பலாமன்றோ?

மொழியைக் கடந்தால் குடும்பம் வந்து நிற்கிறது. "அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ டொக்டர், அவர் தாங்கமாட்டார்." இவ்வார்த்தையைக் கேளாத வைத்தியர் இந்நாட்டில் இரார். இதில் அன்பு இல்லை என்று எவரும் கூறார். எனினும், அப்பாவின் முதுகைத் திறப்பதா என்பதை அப்பாவைத் தவிர மற்ற எல்லோரும் கூடித் தீர்மானிக்கும் நிலை எங்ஙனம் உண்டாயிற்று? நிலமும் வீடும் சீதனமும் பெரியவர்களால் பேசித் தீர்க்கப்படும் சமூகத்தில், நோயாளியானவுடன் பெரியவரே சிறுபிள்ளையாகிவிடுகிறார். பெண் நோயாளியானால் கேட்கவே வேண்டியதில்லை. ஆரோக்கியமாக இருந்த காலத்திலேயே அவளை எவரும் கேட்டதில்லை.

இப்போது இதனோடு கடல்கடந்த பணமும் சேர்ந்துகொண்டது. மூத்தவன் ரொறன்ரோவில், இளையவள் இலண்டனில். இரவு பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசியிலே கூட்டம் நடக்கிறது. கொழும்பிலே தனியார் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கோ, சென்னைக்குக் கொண்டுபோங்கோ, எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை என்கிறார்கள். பணம் அனுப்பும் கை முடிவெடுக்கும் கையாகிறது. தூரத்தில் இருப்பவரின் குற்ற உணர்ச்சி சத்திரசிகிச்சையைக் கேட்கிறது. இரவிலே புரட்டிப் படுக்கவைக்கும் மனைவி என்ன நினைக்கிறாள் என்று கேட்க அந்தத் தொலைபேசியில் நேரம் போதாமற் போகிறது. அனுப்பப் பிள்ளைகள் இல்லாத கூலித் தொழிலாளியின் வீட்டிலோ இக்கூட்டம் நடப்பதே இல்லை. அங்கே முடிவைப் பஸ் கட்டணம் எடுத்துவிடுகிறது.

பாதைகள் மூடியிருந்த காலத்தை எண்ணினால், தெரிவு என்ற சொல்லே ஆடம்பரமாகத் தோன்றும். 1990 முதல் 2002 வரையும், மீண்டும் 2006 ஆகஸ்ட் முதல் போர் முடியும் வரையும் ஏ9 பாதை மக்கள் போக்குவரத்துக்கு மூடிக்கிடந்தது. மகரகமைக்குப் போவதென்றால் கப்பலையோ விமானத்தையோ நம்பியிருக்கவேண்டிய காலம் அது. முண்ணாணுக்கு மணித்தியாலக் கணக்கு. அனுமதிச் சீட்டுக்கு வாரக் கணக்கு. போருக்குப் பின்னர், 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாட்கள் பல இன மக்களும் நடந்து சேர்த்த பணத்தினால் தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலைக் கட்டிடம் எழுந்தது. எமது மேடைகளிலே இன ஒற்றுமையைப் பற்றிப் பேசியோர் பலர். அதைக் காலால் நடந்து காட்டியோர் இவர்கள். நன்றியோடு சொல்லவேண்டிய செய்தி. அதே வேளையில், குடிமக்களின் உயிர்காக்கும் கடமை அரசுக்குரியது. ஈகையை நம்பிக் கதிர் இயந்திரம் வாங்கும் நாட்டில், 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தபோது மருந்து அலுமாரிகள் வெறுமையானதில் வியப்பில்லை.

இனி இலக்கியத்துக்கு மீள்வோம். இந்த முடிவெடுத்தலை எழுத முடியாதென்பார்க்கு விடையாக ஒரு நாவல் உண்டு. அதனை எழுதியவர் பெயரைச் சொன்னால் எம் அணியிலே சிலர் புத்தகத்தை மூடிவிடக்கூடும்: அலெக்சாந்தர் சொல்செனித்சின். அவருடைய பிற்கால அரசியலோடு எமக்கு உடன்பாடில்லை. ஆனால் 1954இல் தாஷ்கந்து வைத்தியசாலையில் தாமே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற அவர், 1968இல் வெளிவந்த 'புற்றுநோய் விடுதி'யிலே செய்த காரியம் வேறெவரும் செய்யாதது. தியோம்கா என்ற பதினாறு வயதுப் பையன் காலிலே என்புப் புற்றோடு வருகிறான். காலை வெட்டவேண்டும் என்கின்றனர் வைத்தியர். கதிரே போதாதா என்கிறான் பையன். அவன் உடனே ஒப்புவதுமில்லை, ஒரேயடியாக மறுப்பதுமில்லை. பக்கத்துக் கட்டிற்காரரைக் கேட்கிறான். தன் வயதுப் பெண்ணொருத்தியிடம் பேசுகிறான். கால் போனால் வாழ்வெதற்கு என்கிறாள் அவள். பின்னர் தன் மார்பையே இழக்கவேண்டும் என்று அறிந்து அழுது வருகிறாள். நாட்கள் செல்லச் செல்ல, நோவும் பேச்சும் அவனை ஒரு முடிவுக்குக் கொணர்கின்றன. கொஸ்தோகுளோதொவ் என்னும் நாயகனோ தாதியிடம் நோயியற் புத்தகத்தை இரவல் வாங்கி வாசிக்கிறான். தன் உடம்பில் எதை ஏற்றுகிறீர்கள், ஏன் என்று வைத்தியரோடு வாதாடுகிறான். எரிச்சலூட்டும் நோயாளி அவன். ஆனால் வைத்தியர்களை ஆசிரியர் கொடியவராக்கவில்லை. கதிர்ச்சிகிச்சைக்குப் பொறுப்பான தொன்சோவா என்ற பெண் வைத்தியர் நேர்மையும் களைப்பும் நிறைந்தவர். தமக்கே கட்டி வந்தபோது, விவரம் எதையும் தமக்குச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார். அறிய விரும்பாமையும் ஒரு விருப்பமே. ஆயின் அதை அவரே கேட்டார், அவருக்காக மற்றவர்கள் கேட்கவில்லை. எமது குடும்பங்களின் மறைத்தலுக்கும் இதற்கும் உள்ள தூரம் இதுவே.

எமது முற்போக்கு ஏடுகளும் மேடைகளும் வேறொரு வழியில் இந்நோயைப் பயன்படுத்திவந்துள்ளன. சாதி சமுதாயத்தின் புற்றுநோய். இலஞ்சம் நாட்டைப் பீடித்த புற்றுநோய். வெட்டி எறிந்தாலன்றித் தீராது! எழுதுவதற்கு எளிதான வாக்கியம். அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்ராக், தாமே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றபின் 1978இல் எழுதிய நூலில், நோயை உருவகமாக்கும் இப்பழக்கத்தைக் கண்டித்தார். நோயாளி தன் நோயைக் களங்கமாகக் கருதி ஒளிப்பதற்கு இவ்வுருவகங்களும் காரணம் என்றார். சாதி ஒரு நோயன்று. அது சிலருக்கு இலாபம் தரும் ஏற்பாடு. புற்றுநோய் எவருக்கும் இலாபம் தருவதன்று, அதை வைத்து வியாபாரம் செய்வோர் நீங்கலாக. இரண்டையும் குழப்பினால் இரண்டையும் விளங்கிக்கொள்ளாது போவோம். அதுவுமன்றி, "வெட்டி எறி" என்ற முழக்கத்தைக் கேட்டுப் பழகிய காது, வெட்டாமல் விடுவதும் ஒரு சிகிச்சையாகலாம் என்று வைத்தியர் சொல்லும்போது அதைக் கோழைத்தனமாகவே கேட்கும்.

அந்த நான்காவது வழியைக் கிளினிக்கிலே பெரும்பாலும் எவரும் வரிசையில் வைப்பதில்லை. வெட்டவும் வேண்டாம், சீமெந்தும் வேண்டாம். ஒருமுறை கதிர் தாருங்கள், நோவை நீக்குங்கள், வீட்டில் இருக்கவிடுங்கள் என்று ஒருவர் கேட்கலாம். கேட்டவர் தோற்றவரல்லர். 1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் நோவுக்குப் படிப்படியாக மருந்து கொடுக்கும் முறையை வகுத்தது. அதன் மேற்படியில் வாயால் உட்கொள்ளும் மோபீன் இருக்கிறது. விலை குறைந்த மருந்து. கேரளத்திலே, கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம், ஊர்த் தொண்டர்களைக் கொண்டே அதை வீடுகளுக்குக் கொண்டுசென்றது. பாடசாலை ஆசிரியரும் மாணவரும் கூட்டுறவுச் சங்கத்தாரும் அத்தொண்டர்களில் இருந்தனர். எமது ஊர்களிலும் அத்தகையோருக்குப் பஞ்சமில்லை. ஆனால் மோபீன் என்ற பெயரைக் கேட்டதும் "அது கடைசி மருந்தல்லோ" என்று வீட்டார் அஞ்சுகின்றனர். போதைக்கு அடிமையாகிவிடுவாரோ என்று, முதுகு நொறுங்கிக் கிடப்பவரைப் பார்த்து ஐயுறுகின்றனர். மருந்துப் போத்தல் அலுமாரியின் மேற்தட்டிலே இருக்க, கீழே கட்டிலில் அவர் விடியும் மட்டும் மணி எண்ணிக்கொண்டிருக்கிறார்.